கணக்கேட்டில் காணாத ஊர்: மார்த்தாண்டத்தின் மக்கள்தொகையும் ஆட்சி நிலையும்

ஓர் ஊரை அறிவதற்கு மூன்று கருவிகள் உள்ளன. ஒன்று பெயர்; மற்றொன்று எல்லை; மூன்றாவது எண். பெயர் மக்கள் வாயில் வாழ்வது. எல்லை அரசின் ஏட்டில் வாழ்வது. எண், கணக்கெடுப்போர் வீடுவீடாகச் சென்று எழுதிக் கொணர்வது. இம்மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும் ஊருக்கு அரசின் உதவி முறையாக வந்து சேரும். பொருந்தாத ஊரோ தான் சுமக்கும் பாரத்துக்கு உரிய கூலியைப் பெறாமல் நிற்கும். குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் அமைந்த மார்த்தாண்டம் இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

மார்த்தாண்டத்தை நகராட்சியாக்க வேண்டும், மாநகராட்சியாக்க வேண்டும், தனி மாவட்டத்தின் தலைநகராக்க வேண்டும் என்றெல்லாம் தேநீர்க்கடையிலும் மேடையிலும் பேசக் கேட்கிறோம். பட்டம் பற்றிய பேச்சு மிகுதி. எல்லையும் எண்ணும் பற்றிய பேச்சு குறைவு. ஆதலின் முதலில் அவற்றை ஆராய்வோம்.

பெயரின் நிலை

மார்த்தாண்டத்தின் பழம்பெயர் தொடுவெட்டி. சந்தையால் சிறந்த ஊர் அது. பின்னர் திருவிதாங்கூரை 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்டவர்மரை நினைவூட்டும் பெயர் நிலைத்தது. இன்று குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதி முழுவதும் மார்த்தாண்டம் என்ற சொல்லை அறியும். ஆயினும் 'மார்த்தாண்டம் நகராட்சி' என்று ஒன்று இல்லை. மார்த்தாண்டம் பேருந்து நிலையமும் சந்தையும் குழித்துறை நகராட்சியின் பொறுப்பில் உள்ளன. மக்கள்தொகைக் கணக்கேட்டின் நகரப் பட்டியலில் குழித்துறை உண்டு, மார்த்தாண்டம் இல்லை.

குழித்துறையும் மார்த்தாண்டமும் ஆற்றின் இரு கரைகளில் நிற்கும் இரட்டை ஊர்கள். கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் கூடித் தாமிரபரணி எனப் பெயர் பெற்று, இவ்விரண்டுக்கும் இடையே ஓடி, எழுத்தாளர் தோப்பில் முகம்மது மீரானின் ஊராகிய தேங்காய்ப்பட்டணத்தில் கடலைச் சேர்கிறது. ஆற்றின் ஒரு கரையில் நீதிமன்றமும் வட்டாட்சியர் அலுவலகமும் வாவுபலிப் பொருட்காட்சியும். மறு கரையில் வணிகமும் பேருந்தும் மக்கள் திரளும். ஒரு கரை ஆட்சிக்கும், மறு கரை வாழ்க்கைக்கும் பெயர்பெற்றதாயிற்று.

இப்பெயர் வேறுபாட்டை ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு வகையாகத் தீர்த்துக்கொண்டுள்ளது. அஞ்சல் துறை குழித்துறைக்கு 629163 என்றும் மார்த்தாண்டத்துக்கு 629165 என்றும் இரு எண்களை அளித்தது. 1979-இல் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குத் தொடர்வண்டிப் பாதை திறக்கப்பட்டபோது நிலையத்துக்குக் குழித்துறை என்று பெயரிட்டனர். மார்த்தாண்டம் செல்வோர் குழித்துறையில் இறங்க வேண்டும் என்பதை வெளியூரார் பிறரைக் கேட்டே அறிகின்றனர். சீரோ மலங்கரைக் கத்தோலிக்கத் திருச்சபை 1996-இல் மார்த்தாண்டம் என்ற பெயரில் மறைமாவட்டம் அமைத்தது. இலத்தீன் வழிபாட்டு முறையினர் 2014-இல் குழித்துறை என்ற பெயரில் அமைத்தனர். வட்டத்துக்கும் சட்டமன்றத் தொகுதிக்கும் விளவங்கோடு என்பது பெயர். ஓர் ஊர்த்தொகுதியைக் குறிக்க இத்தனை பெயர்கள் இருப்பது மொழிக்கு வளமாகலாம். ஆட்சிக்கு அது குழப்பமே.

எண்ணின் நிலை

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி குழித்துறை நகராட்சியின் மக்கள்தொகை 21,307. அதே கணக்கெடுப்பில் நாகர்கோவிலின் மக்கள்தொகை 2,24,849. எண்ணை மட்டும் வைத்து நோக்கும் ஒருவர், நாகர்கோவிலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத சிற்றூர் இது என்றே கொள்வார். அவரே ஓணத்துக்கோ கிறித்துமசுக்கோ பெருநாளுக்கோ முந்திய நாள் மாலையில் மார்த்தாண்டம் சந்திப்பில் வந்து நின்றால், தம் ஏட்டை ஐயுறுவார்.

ஏடு பொய் சொல்லவில்லை. ஏட்டைப் படிக்கும் முறையில்தான் பிழை நேர்கிறது. நம் நாட்டுக் கணக்கெடுப்பு ஒருவரை அவர் வழக்கமாகத் தங்கி வாழும் வீட்டில் வைத்து எண்ணுகிறது. பகலில் அவர் எங்கே உழைக்கிறார், எங்கே வாங்குகிறார், எங்கே பேருந்து மாறுகிறார், எந்த மருத்துவமனை வாசலில் காத்திருக்கிறார் என்பது அந்த எண்ணில் அடங்காது. மார்த்தாண்டத்தின் துணிக்கடையில் நிற்கும் பெண் அருமனையில் எண்ணப்படுகிறாள். நகைக்கடைக்காரர் நல்லூரில் எண்ணப்படுகிறார். கல்லூரி மாணவன் கருங்கலில் எண்ணப்படுகிறான். களியக்காவிளையிலிருந்தும் புதுக்கடையிலிருந்தும் குலசேகரத்திலிருந்தும் வருவோரின் கதையும் இதுவே. இரவில் உறங்குவோரின் எண் 21,307. பகலில் விழித்திருந்து ஊரைப் பயன்படுத்துவோரின் எண் எந்த ஏட்டிலும் இல்லை. குப்பையை அள்ளுவதும், குடிநீர் வழங்குவதும், கழிப்பிடம் கட்டுவதும், சாலையைச் செப்பனிடுவதும் பகல் மக்களுக்காகவும் செய்ய வேண்டியவை அல்லவா?

இங்குள்ள குடியிருப்பின் இயல்பும் இதற்கு ஒரு காரணம். தமிழகத்தின் பிற பகுதிகளில் வீடுகள் தெருத்தெருவாக நெருங்கி நிற்க, வயல்கள் ஊருக்கு வெளியே விரிந்து கிடக்கும். மேற்குக் கடற்கரையை ஒட்டிய நம் பகுதியில் ஒவ்வொரு குடும்பமும் தன் விளையின் நடுவில் வீடு கட்டி, தென்னையும் பலாவும் வாழையும் மிளகும் சூழ வாழ்ந்து வந்தது. ஊர் முடிந்து ஊர் தொடங்கும் இடம் கண்ணுக்குத் தெரிவதில்லை. 2011-இல் குமரி மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் வாழ்ந்தனர். தமிழகத்தின் சராசரி 555. அதாவது ஏறத்தாழ இரு மடங்கு. சென்னையை அடுத்து மக்கள் நெருக்கம் மிக்க மாவட்டம் அன்று இதுவே. மாவட்டத்தின் 18,70,374 மக்களுள் நூற்றுக்கு எண்பத்திரண்டு பேர் நகர்ப்புறத்தார் என்றும் அக்கணக்கெடுப்பு கூறிற்று. இதிலும் சென்னைக்கு அடுத்த இடம் குமரிக்கே. நகரத்தார் இத்தனை பேர். ஆனால் நாகர்கோவில் நீங்கலாகப் பெரிய நகரம் ஒன்றையும் ஏட்டில் காணோம். மார்த்தாண்டம் போன்ற ஊர்கள் எல்லைக்கோடுகளால் துண்டுபட்டுக் கிடப்பதே இப்புதிருக்கு விடை.

எல்லையின் நிலை

மார்த்தாண்டம் சந்திப்பிலிருந்து எத்திசையில் நடந்தாலும் கடைகள் தொடர்ந்து வருகின்றன. உள்ளாட்சி மட்டும் மாறிவிடுகிறது. உண்ணாமலைக்கடை, நல்லூர், பாகோடு என்பன தனித்தனிப் பேரூராட்சிகள். உண்ணாமலைக்கடை, புதுக்கடை என்னும் பெயர்களில் அமைந்த 'கடை' என்ற ஈற்றினை ஊர்ப்பெயராய்வில் ஈடுபாடு கொண்டோர் கருதிப் பார்க்கலாம். இப்பகுதி வணிகத்தால் வளர்ந்தது என்பதைப் பெயர்களே உரைக்கின்றன.

இக்கூறுபாட்டின் விளைவை எளிதில் உணரலாம். மழைநீர் உள்ளாட்சி எல்லையை அறியாது. ஒரு பேரூராட்சியில் பெய்த மழை மற்றொன்றின் சாலையில் தேங்கும். ஓர் உள்ளாட்சி குப்பையைத் தரம் பிரித்து அள்ள, அடுத்த உள்ளாட்சி அள்ளத் தவறினால், இரண்டின் கழிவும் இறுதியில் ஒரே ஆற்றைச் சேரும். மேல் ஊர் கழித்ததைக் கீழ் ஊர் குடிக்கும் நிலை வராமல் காக்க ஒரு பொது அதிகாரம் இல்லை. வணிக வளர்ச்சியால் வரும் வரி ஒரு மன்றத்துக்கும், அதனால் வரும் நெரிசல் மற்றொரு மன்றத்துக்கும் போய்ச் சேர்வதும் உண்டு.

இதற்குக் கண்முன் நிற்கும் சான்று மார்த்தாண்டம் மேம்பாலம். பம்மம் பகுதியிலிருந்து குழித்துறைப் பாலம் நோக்கி ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு இரும்பால் அமைந்த இப்பாலம் 2018-இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. இருபதாயிரம் பேர் வாழும் ஊருக்கு இவ்வளவு நீண்ட பாலம் எதற்கு? நெடுஞ்சாலைத் துறை வண்டிகளை எண்ணியது. கணக்கெடுப்புத் துறை உறங்குவோரை எண்ணியது. முன்னது கண்ட ஊர் வேறு; பின்னது கண்ட ஊர் வேறு. பாலத்தின் மேல் செல்வோரின் துயர் ஓரளவு தீர்ந்தது. பாலத்தின் கீழ் நிற்போரின் துயரைத் தீர்க்க வேண்டிய பொறுப்போ, 21,307 பேருக்கெனத் திட்டமிட்ட நிதியையும் பணியாளரையும் கொண்ட ஒரு சிறு நகராட்சியின் தலையில் இருக்கிறது. மாநில நிதி ஆணையம் வகுக்கும் பகிர்வில் மக்கள்தொகையே முதன்மை அளவுகோல் என்பதை மறத்தல் ஆகாது.

எண்ணும் எல்லையும் இம்மண்ணுக்குப் புதியனவல்ல

மார்த்தாண்டத்துக்குத் தெற்கே முஞ்சிறைக்கு அருகில் உள்ளது பார்த்திபசேகரபுரம். கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் அங்கே கோயிலும் சாலையும் அமைத்தான். முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலத்தை மாற்றாகப் பெற்று, எல்லை வகுத்து, 95 மாணவர்க்கு இடம் என வரையறுத்துச் செப்பேட்டில் பொறித்தான். இத்தனை பேர் பயில்வர். அதற்கு இவ்வளவு நிலம் வேண்டும். ஆதலால் எல்லை இது. பயன்படுத்துவோரின் எண்ணிலிருந்து எல்லையை வருவித்த இம்முறை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வட்டாரம் அறிந்த ஒன்று.

அண்மைக் காலத்துக்கு வருவோம். திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தாய்த் தமிழகத்துடன் இணைக்க வேண்டும் என்ற போராட்டம் மார்ஷல் நேசமணியின் தலைமையில் எழுந்தது. 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு இணைந்தன. மொழிவாரி மக்கள்தொகை அவ்விணைப்புக்கு வலுவான சான்றாயிற்று. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் தமிழர் திரளாக இருந்தும், அவர்கள் தோட்ட வேலைக்கு வந்துசெல்வோர் என்ற வாதம் எழுந்தது. அவ்வட்டங்கள் நமக்குக் கிட்டவில்லை. யாரை உள்ளூரார் என எண்ணுவது, யாரை வந்துசெல்வோர் எனத் தள்ளுவது என்ற வினா எத்துணை வலியது என்பதை எல்லைப் போராட்டம் கண்ட நாம் அறிவோம். ஒரு மாநிலத்தின் எல்லைக்காக உயிர் கொடுத்த ஊர், தன் சொந்த எல்லையைப் பற்றி எண்ணாதிருப்பது வியப்புக்குரியது.

பிற ஊர்கள் காட்டும் வழி

நம்மைப் போலவே விளைகளின் நடுவே பரந்து வாழும் கேரளத்தில் இதே சிக்கல் எழுந்தது. 2011-இல் கண்ணூர் நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 57,000. ஆனால் அதைச் சூழ்ந்து இடையறாது தொடரும் நகர்ப்பரப்பை ஒன்றாகச் சேர்த்து எண்ணியபோது 16 இலட்சத்தைக் கடந்தது. ஒரே ஊர், ஒரே ஆண்டு, இரண்டு எண்கள். எல்லையை எங்கே வரைகிறோம் என்பதே வேறுபாட்டின் காரணம். 2015-இல் கண்ணூர் நகராட்சியோடு சுற்றியிருந்த ஐந்து ஊராட்சிகளை இணைத்து மாநகராட்சி அமைத்தனர்.

அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டா. நம் மாவட்டத்திலேயே கொல்லங்கோடு, ஏழுதேசம் என்னும் இரு பேரூராட்சிகளை ஒன்றாக்கி 2021-இல் கொல்லங்கோடு நகராட்சி உருவாயிற்று. 2019-இல் நாகர்கோவில் மாநகராட்சியாயிற்று. கிழக்கே ஒரு மாநகராட்சியும் மேற்கே ஒரு புதிய நகராட்சியும் தோன்ற, இடையில் இரண்டையும் இணைக்கும் சாலையின் மேல் நிற்கும் மார்த்தாண்டம் பழைய எல்லைக்குள்ளேயே இருக்கிறது.

சட்டமும் இதற்குத் தடையன்று. 1993-இல் நடைமுறைக்கு வந்த எழுபத்து நான்காம் அரசியலமைப்புத் திருத்தம், ஒரு பகுதியை எவ்வகை நகர அமைப்பாகக் கொள்வது என்பதற்கு மக்கள்தொகையை மட்டும் அளவாகக் கூறவில்லை. மக்கள் நெருக்கம், உள்ளாட்சி ஈட்டும் வருவாய், வேளாண்மை அல்லாத தொழிலில் ஈடுபடுவோர் விழுக்காடு, பொருளியல் முதன்மை ஆகியவற்றையும் கருத வேண்டும் என்கிறது. இவற்றுள் எதைக் கொண்டு அளந்தாலும் மார்த்தாண்டம் தலைநிமிர்ந்து நிற்கும். 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பார் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் இங்கு நிறுவிய ஊரக மேம்பாட்டு நடுவம் உலகோர் கவனத்தை ஈர்த்தது. அங்கு ஊன்றிய தேனீ வளர்ப்பு, மார்த்தாண்டம் தேனுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைக்கும் அளவுக்கு வளர்ந்தது. கணக்கேட்டில் இடம்பெறாத பெயர் தேன் குப்பியின் மேல் இடம்பெற்றுவிட்டது!

மறுப்புகளும் விடைகளும்

இணைப்பை மறுப்போர் கூறும் காரணங்கள் புறந்தள்ளத்தக்கன அல்ல. வரி உயரும் என்பது முதல் அச்சம். அது உண்மையான அச்சமே. விளையின் நடுவில் ஓட்டுவீட்டில் வாழும் முதியவர், சந்திப்பில் மூன்றடுக்குக் கடை வைத்திருப்பவரோடு ஒரே விகிதத்தில் வரி செலுத்தல் முறையாகாது. இணையும் பகுதிகளுக்குச் சில ஆண்டுகள் பழைய வரியே நீடிக்கும் என்றும், வசதிகள் வந்தபின் படிப்படியாகவே உயரும் என்றும் ஆணையிலேயே எழுத வேண்டும்.

ஊரகத்துக்கென உள்ள வேலை உறுதித் திட்டத்தை இழப்போம் என்பது இரண்டாவது அச்சம். கிராம ஊராட்சிகளைப் பொறுத்தவரை இது மெய். எனினும் மார்த்தாண்டத்தை ஒட்டிய பகுதிகளுட் பல முன்னரே பேரூராட்சிகள். அவை அத்திட்டத்துக்கு வெளியே இருப்பவை. ஆதலின் பேரூராட்சிகளை மட்டும் முதற்கண் இணைத்து, வேளாண்மை மிக்க கிராம ஊராட்சிகளை அவற்றின் போக்கில் விடுவதே நேரிது.

சிறு மன்றம் மக்களுக்கு அண்மையில் இருக்கும். பெரு மன்றம் எட்டாததாகும் என்பது மூன்றாவது. இதுவே மூன்றினும் வலிமை மிக்கது. தெருவிளக்கு எரியாவிடில் உறுப்பினர் வீட்டுக் கதவைத் தட்டும் உரிமை சிறிதன்று. ஆகவே இணைந்த நகராட்சியிலும் பழைய பேரூராட்சி அலுவலகங்கள் பகுதி அலுவலகங்களாகத் தொடர வேண்டும். பிறப்பு, இறப்புப் பதிவுக்கும் வரி செலுத்தவும் மக்கள் ஆற்றைக் கடந்து அலையக் கூடாது. 2004-இல் தமிழகத்தின் பேரூராட்சிகள் பலவற்றைச் சிறப்புக் கிராம ஊராட்சிகள் என மாற்றி, 2006-இல் மீண்டும் பேரூராட்சிகளாக்கினர். பலகை மாறியது, மறுபடியும் மாறியது. வாழ்வோரைக் கலவாமல் செய்யும் மாற்றம் நிலைபெறாது என்பதற்கு அதுவே சான்று.

செய்யத்தக்கன

முதலாவது, பகல் மக்கள்தொகைக் கணக்கு. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027-க்குத் தள்ளிப்போயிற்று. கணக்கெடுப்புக்கு முன் ஆட்சி எல்லைகள் மாறாமல் நிறுத்திவைக்கப்படுவது வழக்கம். ஆகவே புதிய எண்ணும் பழைய எல்லைக்குள்ளேயே பிறக்கும். அந்த எண் வெளிவரும்போது 'வளராத ஊர்' என்ற பெயர் மறுபடியும் நமக்கு வரலாம். அதற்கு விடையாக, பேருந்துப் பயணிகள், கடைகள், மருத்துவமனைப் புறநோயாளிகள், மாணவர்கள் ஆகியோரின் கணக்கை நாமே கையில் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, இணைப்புக்கு முன்பே கூட்டுத் திட்டம். குப்பை, வடிகால், ஆற்றுத் தூய்மை, சாலை நெரிசல் ஆகிய நான்கிலும் குழித்துறை நகராட்சியும் அண்டைப் பேரூராட்சிகளும் மாவட்டத் திட்டக்குழுவின் வழியாக ஒன்றுகூடிச் செயலாற்றலாம். ஒன்றாக உழைத்துப் பழகியோர் ஒன்றாவது எளிது.

மூன்றாவது, எல்லை இணைப்பு. நான்காவது, பெயர். குழித்துறை என்ற பெயரை அழித்து மார்த்தாண்டம் என்று எழுதுதல் ஒரு கரையை மகிழ்வித்து மறு கரையைப் புண்படுத்தும். குழித்துறை-மார்த்தாண்டம் என இரு பெயரும் இணைந்து நிற்பதே வரலாற்றுக்கும் நட்புக்கும் ஏற்றது. பட்டம் இவற்றுக்கெல்லாம் பின்னர் வருவது. எல்லை திருந்தினால் எண் உயரும். எண் உயர்ந்தால் பட்டம் கேளாமலே வரும். எல்லை திருந்தாமல் பட்டம் மட்டும் வந்தால், பெரிய பலகையின் கீழ் அதே பழைய சாக்கடை ஓடும்.

இப்பணியில் கல்லூரி மாணவருக்கும் இடம் உண்டு. மார்த்தாண்டம் வழியாக நாள்தோறும் பேருந்தேறும் நம் மாணவர், நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஒரு முகாமை இதற்கென ஒதுக்கலாம். ஊர்ப்பெயர்களைத் தொகுக்கலாம், எல்லைக் கற்களைத் தேடலாம், சந்திப்பில் நின்று ஒரு நாளின் பயணிகளை எண்ணலாம். தமிழ் பயில்வோர்க்கு ஊராய்வு புறம்பானதன்று. ஊரும் பேரும் மொழியின் முதற்பாடம். தன் ஊரில் எத்தனை பேர் வாழ்கின்றனர், எத்தனை பேர் வந்துசெல்கின்றனர், யார் அவர்களுக்குப் பொறுப்பு என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கூற அறிந்த தலைமுறை, தன் ஊரின் எல்லையைத் தானே திருத்திக்கொள்ளும்.